ஜாக்கி கூகன்

ஜாக்கி கூகன் என்று பரவலாக அறியப்படும் ஜான் லெஸ்லி கூகன் (அக்டோபர் 26, 1914 – மார்ச் 1, 1984) ஓர் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகர் ஆவார். சார்லி சாப்ளின் இயக்கி நடித்த த கிட் (1921) என்னும் பேசாப்படத்தில் தெருவில் வளரும் சிறுவனாக நடித்து, ஆறு வயதிலேயே உலகப் புகழ் பெற்றார். ஹாலிவுட் திரையுலகின் முதல் பெரும் குழந்தை நட்சத்திரமாக இவர் கருதப்படுகிறார். சிறுவயதில் இவர் ஈட்டிய பணத்தின் பெரும்பகுதி இவருக்குக் கிடைக்கவில்லை. அதற்காகத் தம் தாய்க்கும் தாயின் இரண்டாவது கணவருக்கும் எதிராக இவர் தொடுத்த வழக்கின் விளைவாக, குழந்தை நடிகர்களின் வருமானத்தைப் பாதுகாக்கும் கூகன் சட்டம் 1939 ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில் இயற்றப்பட்டது. நடுவயதில் த ஆடம்ஸ் ஃபேமிலி (1964–1966) என்னும் தொலைக்காட்சித் தொடரில் அங்கிள் ஃபெஸ்டர் என்ற மொட்டைத்தலைப் பாத்திரத்தில் நடித்து மீண்டும் புகழ் பெற்றார்.

பிறப்பும் குடும்பமும்

கூகன் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஹென்றி கூகன், வாட்வில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் ஆடியும் நடித்தும் வந்தவர். தாய் லில்லியன் கூகனும் சிறுமியாக இருந்தபோது மேடை ஏறியவர். ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தும் குடும்பம் என்பதால், பேசத் தொடங்கிய வயதிலேயே மேடை இவருக்குப் பழகிவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே 1917 இல் வெளியான ஸ்கின்னர்ஸ் பேபி என்னும் படத்தில் தோன்றினார். இவருடைய தம்பி ராபர்ட் கூகனும் பின்னாளில் குழந்தை நடிகராகச் சில படங்களில் நடித்தார்.

சாப்ளினின் கண்ணில் படுதல்

1919 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலசில் உள்ள ஆர்ஃபியம் அரங்கில் கூகனின் தந்தை ஆடிய நிகழ்ச்சி ஒன்றைக் காணச் சார்லி சாப்ளின் சென்றிருந்தார். தந்தையின் ஆட்டம் முடிந்ததும் நான்கு வயதுச் சிறுவனான கூகன் மேடைக்கு வந்து, அக்காலத்தில் பரவியிருந்த ஷிம்மி என்னும் ஆட்டத்தைச் சற்றே ஆடிக்காட்டி அவையோரை வணங்கிச் சென்றான். பெரியவர்களின் அசைவுகளை ஒருமுறை பார்த்தவுடன் அப்படியே திருப்பிச் செய்யும் அச்சிறுவனின் திறமை சாப்ளினைக் கவர்ந்தது.

அக்காலத்தில் சாப்ளின் தனிவாழ்வில் பெருந்துயரத்தில் இருந்தார். அவருடைய முதல் குழந்தை 1919 சூலையில் பிறந்து மூன்றே நாட்களில் இறந்திருந்தது. ஆதரவற்ற குழந்தை ஒன்றை ஏழை நாடோடி வளர்க்கும் கதையை அவர் உருவாக்கத் தொடங்கியது இதன் பின்னரே. இலண்டனில் வறுமையில் வளர்ந்து, சிறுவனாக இருந்தபோது ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்ட தம் சொந்த நினைவுகளையும் அவர் அக்கதையில் சேர்த்தார். முன்னோட்டமாக, எ டேய்ஸ் பிளஷர் (1919) என்னும் குறும்படத்தில் கூகனுக்குச் சிறு வேடம் ஒன்றை அளித்தார். பின்னர் த கிட் படத்தின் தலைப்புப் பாத்திரம் இவருக்குக் கிடைத்தது. இவருடைய தந்தையும் சாப்ளினின் படப்பிடிப்புக் கூடத்தில் பணியமர்த்தப்பட்டு, அப்படத்தில் சிறு வேடங்களில் தோன்றினார்.

த கிட் திரைப்படம்

தாயால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தை ஒன்று குப்பை கிடக்கும் சந்தில் நாடோடியின் கைக்கு வந்து சேர்கிறது. அவன் அதை ஐந்தாண்டுகள் வளர்க்கிறான். சிறுவன் வீடுகளின் சன்னல் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்துவிட்டு ஓட, கண்ணாடி பொருத்துபவனாகப் பின்னால் வரும் நாடோடி அவற்றைச் சரிசெய்து காசு பெறுவது இவர்களின் பிழைப்பு. சிறுவன் நோயுற்றபோது உண்மை வெளிப்பட்டு, அநாதை இல்ல அதிகாரிகள் அவனை வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். நாடோடி வீட்டுக் கூரைகளின் மேல் ஓடி, வண்டிக்குள் குதித்து, அவனை மீட்கிறான். வண்டியில் நின்றபடி கைகளை நீட்டிக் கதறும் சிறுவனாகக் கூகன் நடித்த காட்சி, பேசாப்படக் காலத்தின் மறக்கவியலாத காட்சிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. அக்காட்சிக்குக் கண்ணீர் வரவழைப்பதற்காக, அழாவிட்டால் உண்மையாகவே விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தந்தையே இவரை அச்சுறுத்தியதாகச் சாப்ளின் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

படப்பிடிப்பு ஒன்பது மாதங்களுக்கும் மேலாக நடந்தது. சாப்ளினின் மணமுறிவு வழக்கில் படச்சுருள்கள் பறிபோகக்கூடும் என்ற அச்சத்தால், அவை சால்ட் லேக் சிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு அங்கு ஒரு தங்கும் விடுதியில் படத்தொகுப்பு தொடங்கப்பட்டது. படம் 1921 இன் தொடக்கத்தில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. சாப்ளின் இயக்கிய முதல் முழுநீளப் படம் இதுவே. நகைச்சுவையையும் துயரத்தையும் ஒரே படத்தில் இணைக்க முடியும் என்பதை இது காட்டியதாகத் திரை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். 2011 ஆம் ஆண்டில் இப்படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

குழந்தை நட்சத்திரம்

த கிட் படத்தைத் தொடர்ந்து பெக்ஸ் பேட் பாய் (1921), மை பாய் (1921), டிரபிள் (1922) ஆகிய படங்களில் கூகன் முதன்மை வேடங்களில் நடித்தார். 1922 இல் சார்லஸ் டிக்கன்சின் புதினத்தைத் தழுவி ஃபிராங்க் லாய்ட் இயக்கிய ஆலிவர் டுவிஸ்ட் படத்தில் ஆலிவராக நடித்தார். அப்படத்தில் ஃபேகின் என்னும் திருடர் தலைவனாக நடித்தவர் லான் சேனி. இப்படம் நெடுங்காலம் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1970களில் யூகோசுலாவியாவில் எழுத்து அட்டைகள் இல்லாத படி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அப்போது தயாரிப்பாளர் சால் லெசருடன் சேர்ந்து, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த கூகனும் அவ்வெழுத்து அட்டைகளை மீண்டும் அமைக்க உதவினார்.

இவருடைய படங்களைத் தயாரிப்பதற்காகவே ஜாக்கி கூகன் புரொடக்‌ஷன்ஸ் என்னும் நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. தந்தை அதனைக் கவனித்துக்கொண்டார். 1923 இல் மெட்ரோ நிறுவனத்துக்கு மாறியபோது இவருக்கு 5 லட்சம் டாலர் முன்பணமாக அளிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஹாலிவுட்டில் மிகுதியான ஊதியம் பெற்றவர்களுள் ஒருவராக ஒன்பது வயதுச் சிறுவன் இருந்தது அக்காலத்தில் எவரும் கண்டிராத ஒன்று.

இவருடைய உருவமும் பெயரும் வணிகப் பொருள்களாயின. பொம்மைகள், எழுதுபொருள்கள், ஊதல்கள், இசைத்தட்டுகள், நிலக்கடலை வெண்ணெய் எனப் பலவும் இவர் பெயர் தாங்கி விற்கப்பட்டன. பெரிய தொப்பி, தொளதொளத்த காற்சட்டை, நெற்றியில் விழும் முடி ஆகியவை இவரை அடையாளம் காட்டின. 1927 இல் அம்முடி வெட்டப்பட்டதே செய்தியாகி, ஜானி கெட் யுவர் ஹேர் கட் என்னும் படமாகவும் ஆனது.

நிவாரணப் பயணம்

முதல் உலகப்போரையும் அதனைத் தொடர்ந்த மோதல்களையும் அடுத்து ஆர்மீனியா, கிரேக்கம் உள்ளிட்ட பகுதிகளில் ஏராளமான குழந்தைகள் பெற்றோரை இழந்து ஏதிலிகளாக இருந்தனர். அவர்களுக்கு உதவிய நியர் ஈஸ்ட் ரிலீஃப் என்னும் அமெரிக்க அமைப்புக்காகக் கூகன் 1924 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அப்பயணத்தின் வழியாக 10 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள உணவும் உடைகளும் பிற பொருள்களும் திரட்டப்பட்டன. கிரேக்கத்தில் இவருக்குச் சிறப்பான வரவேற்பு அளிக்கப்பட்டது. உரோமில் திருத்தந்தை பதினொன்றாம் பயசைச் சந்தித்தார். அப்போது இவருக்கு வயது ஒன்பதே.

கல்வியும் வளரிளம் பருவமும்

கூகன் பத்து வயது வரை பள்ளிக்குச் செல்லவில்லை. தனி ஆசிரியர்களே இவருக்குக் கற்பித்தனர். அதன் பின்னர் இராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றிலும் வேறு பள்ளிகளிலும் பயின்றார். சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எனினும் மதிப்பெண்கள் குறைந்ததால் 1932 இல் அங்கிருந்து விலகினார்.

இதற்கிடையில் திரையுலகம் பேசும்படத்துக்கு மாறியிருந்தது. மார்க் டுவெய்னின் புதினங்களைத் தழுவிய டாம் சாயர் (1930), ஹக்கிள்பெரி ஃபின் (1931) ஆகிய படங்களில் டாம் சாயராக இவர் நடித்தார். இரண்டிலும் ஹக்கிள்பெரி ஃபின்னாக நடித்த ஜூனியர் டர்கின் இவருடைய நெருங்கிய நண்பரானார். ஆயினும் சிறுவனாக இவரை விரும்பிய மக்கள், வளர்ந்த இளைஞனாக இவரைத் தேடிவரவில்லை. வாய்ப்புகள் படிப்படியாகக் குறைந்தன.

1935 விபத்து

1935 மே 4 அன்று கூகன், தம் தந்தை, நண்பர் ஜூனியர் டர்கின், குடும்பப் பண்ணையின் மேற்பார்வையாளர், எழுத்தாளர் ராபர்ட் ஹார்னர் ஆகியோருடன் மெக்சிகோவில் புறா வேட்டையை முடித்துக்கொண்டு மகிழுந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியைத் தந்தை ஓட்டினார். சான் டியேகோ மாவட்டத்தின் மலைச்சாலையில் வண்டி நிலைதவறிச் சரிவில் உருண்டது. கூகனைத் தவிர மற்ற நால்வரும் உயிரிழந்தனர். கூகனுக்கு அப்போது வயது இருபது. சட்டப்படி வயது நிறைவடைய இன்னும் ஐந்து மாதங்களே இருந்தன.

இவ்விபத்து கூகனின் வாழ்க்கையை இரு வகைகளில் மாற்றியது. தந்தையையும் உற்ற நண்பரையும் ஒரே நாளில் இழந்தது ஒன்று. இவருடைய பொருளியல் நலன்களைக் கவனித்துவந்தவர் மறைந்து, சொத்துகள் முழுவதும் தாயின் கட்டுப்பாட்டுக்குச் சென்றது மற்றொன்று. குடும்பத்தின் நிதி ஆலோசகராக இருந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைனைத் தாய் பின்னர் மணந்துகொண்டார்.

பணம் எங்கே

தாம் சிறுவயதில் ஈட்டிய பணம் தமக்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதாகவே கூகன் நம்பியிருந்தார். சிறுவனாக இருந்தபோது இவருக்குக் கைச்செலவுக்கென வாரம் 6.25 டாலர் மட்டுமே கொடுக்கப்பட்டது. இவர் ஈட்டிய மொத்தத் தொகை 30 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. இருபத்தொரு வயது நிறைவடைந்த பின்னரும் அத்தொகை இவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. தாயும் பெர்ன்ஸ்டைனும் அதனைக் கம்பளி மேலாடைகள், வைர நகைகள், விலையுயர்ந்த மகிழுந்துகள் எனச் செலவிட்டு வந்தனர்.

1937 நவம்பரில் கூகன் நடிகை பெட்டி கிரேபிளை மணந்தார். அப்போது இவரிடம் சொல்லிக்கொள்ளும்படி பணம் இருக்கவில்லை. 1938 ஏப்ரலில் தாய் மீதும் பெர்ன்ஸ்டைன் மீதும் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

தாயின் தரப்பு, பணத்தைச் செலவிட்டதை மறுக்கவில்லை. வயது நிறைவடையாத பிள்ளையின் உழைப்பு வருமானம் பெற்றோருக்கே உரியது என்பதே அத்தரப்பின் வாதம். கூகன் ஒருபோதும் வேலை செய்யவில்லை, படப்பிடிப்புக் கருவியின் முன் விளையாடிக்கொண்டு மகிழ்ச்சியாகவே இருந்தார் என்றும் கூறப்பட்டது. அன்றைய கலிபோர்னியாச் சட்டம் உண்மையில் தாயின் பக்கமே இருந்தது. வேளாண் குடும்பங்களில் பிள்ளைகள் பெற்றோருடன் உழைத்த காலத்தின் வழக்கம் அச்சட்டத்தில் தொடர்ந்தது. ஒரு குழந்தையே குடும்பத்துக்குச் சோறு போடக்கூடும் என்பதையோ, அக்குழந்தையின் வருமானம் பல லட்சம் டாலர்களாக இருக்கக்கூடும் என்பதையோ அச்சட்டம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

வழக்கு நாளிதழ்களின் முதற்பக்கச் செய்தியானது. திரையரங்குகளில் கண்ணீர் சிந்தி இவரைப் பார்த்த மக்கள், இப்போது அதே சிறுவன் வளர்ந்து தன் தாய்க்கு எதிராக நீதிமன்றத்தில் நிற்பதைக் கண்டனர். கணக்குப் பார்த்தபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 2,50,000 டாலரே எனத் தெரிந்தது. 1939 இல் ஏற்பட்ட தீர்வின்படி வழக்குச் செலவுகள் போகக் கூகனுக்குக் கிடைத்தது 1,26,000 டாலர் மட்டுமே. இது இவர் ஈட்டியதாக மதிப்பிடப்படும் தொகையில் இருபதில் ஒரு பங்கும் ஆகாது. இத்துன்பக் காலத்தில் கூகன் உதவி கேட்டபோது, சார்லி சாப்ளின் தயக்கமின்றி 1,000 டாலர் கொடுத்ததாகக் கூறப்படுகிறது. பெட்டி கிரேபிளுடனான மணவாழ்வும் 1939 இல் மணமுறிவில் முடிந்தது.

கூகன் சட்டம்

வழக்கு எழுப்பிய பொதுமக்கள் உணர்வின் விளைவாக, 1939 இல் கலிபோர்னியா மாநிலம் கலிபோர்னியா குழந்தை நடிகர் சட்டத்தை இயற்றியது. இது கூகன் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. குழந்தை நடிகருடனான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் வழங்கும் நீதிமன்றம், வருமானத்தின் ஒரு பகுதியைக் குழந்தையின் பெயரில் பொறுப்புநிதியாக ஒதுக்கி வைக்குமாறு ஆணையிட இச்சட்டம் வழிசெய்தது.

எனினும் இச்சட்டத்தில் குறைபாடுகள் இருந்தன. நீதிமன்ற ஒப்புதலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டுமே இது பொருந்தியது. திரைப்பட நிறுவனங்கள் நடிகர்களைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்த காலத்தில் இது ஓரளவு பயன்பட்டது. பின்னாளில் ஒரு படம், ஒரு விளம்பரம், தொலைக்காட்சித் தொடரின் ஓரிரு பகுதிகள் எனக் குறுகியகாலப் பணிகள் பெருகியபோது, பெரும்பாலான குழந்தைகள் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர். ஒதுக்கப்படாத தொகை முன்போலவே பெற்றோருக்கு உரியதாக இருந்தது.

இதன் விளைவுகள் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் காணப்பட்டன. 1930களின் புகழ்மிக்க குழந்தை நடிகை சர்லி டெம்பிள், தாம் ஈட்டிய 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டாலர்களில் 44,000 டாலரே எஞ்சியிருந்ததைப் பின்னர் அறிந்தார். டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ் (1978–1986) தொலைக்காட்சித் தொடரின் குழந்தை நட்சத்திரமான கேரி கோல்மன், 1989 இல் தம் வளர்ப்புப் பெற்றோர் மீதும் முன்னாள் மேலாளர் மீதும் வழக்குத் தொடுத்தார். 1993 இல் அவருக்கு ஏறத்தாழ 12.8 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பாயிற்று.

இக்குறைகளைக் களைய, சட்டம் திருத்தப்பட்டு 2000 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்திருத்தத்தின்படி குழந்தை ஈட்டும் பணம் குழந்தையின் தனிச்சொத்து ஆகும். மொத்த வருமானத்தில் 15 விழுக்காட்டைப் பணியமர்த்துபவரே நேரடியாகக் குழந்தையின் பொறுப்புநிதிக் கணக்கில் செலுத்த வேண்டும். பதினெட்டு வயது நிறைவடையும் வரை அதனைப் பெற்றோரோ பிறரோ எடுக்க இயலாது. இக்கணக்கு கூகன் கணக்கு என்றே வழங்கப்படுகிறது. நியூயார்க் உள்ளிட்ட வேறு சில மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உள்ளன. இணையக் காணொளிகளில் தோன்றும் குழந்தைகளின் வருமானத்தைப் பாதுகாக்கும் சட்டம் இலினாய் மாநிலத்தில் 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவிலும் 2025 தொடக்கம் முதல் இப்பாதுகாப்பு காணொளிக் குழந்தைகளுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது.

கூகன் சட்டத்தால் கூகனுக்குத் தனிப்பட்ட பயன் ஏதும் கிட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அது இயற்றப்பட்டபோது அவருக்கு வயது இருபத்து நான்கு.

இரண்டாம் உலகப்போரில்

1941 மார்ச்சில் கூகன் ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பின்னர், ஏற்கனவே வானூர்தி ஓட்டப் பழகியிருந்த காரணத்தால், கிளைடர் ஓட்டுநராகப் பணிமாற்றம் கோரிப் பெற்றார். கிளைடர் என்பது பொறி இல்லாத வானூர்தி ஆகும். மற்றொரு வானூர்தி அதனைக் கயிற்றால் இழுத்துச் சென்று இலக்கின் அருகே விடுவிக்கும். அதன்பின் ஓட்டுநர் அதனை மிதக்கவிட்டுத் தரையிறக்க வேண்டும். தரையிறங்கும் முயற்சி ஒருமுறை தவறினால் மீண்டும் மேலெழ வழியில்லை.

ஆபத்து மிகுந்த பணிக்குத் தாமே முன்வந்து, முதலாம் வான் கமாண்டோ பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவு 1943 இறுதியில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. பர்மாவை அப்போது சப்பானியர் கைப்பற்றியிருந்தனர். சப்பானியப் படைகளின் பின்புறம் காட்டுக்குள் இறங்கிப் போரிடுவதற்காக, பிரித்தானியத் தளபதி ஓர்டு விங்கேட் சிண்டிட்டுகள் என்னும் சிறப்புப் படையை உருவாக்கியிருந்தார். அப்படையினரைக் கிளைடர்களில் ஏற்றிச் செல்லும் நடவடிக்கை 1944 மார்ச் 5 இரவு தொடங்கியது. அசாமின் லாலாகாட் வானூர்தித் தளத்திலிருந்து கிளம்பிய கிளைடர்கள், எதிரி எல்லைக்குள் ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில், பிராட்வே எனப் பெயரிடப்பட்ட காட்டு வெளியில் இறங்கின. வெட்டப்பட்ட மரங்களும் பள்ளங்களும் இருளில் மறைந்திருந்ததால் பல கிளைடர்கள் மோதி நொறுங்கின. வீரர்கள் சிலர் உயிரிழந்தனர். இந்நடவடிக்கையில் கிளைடர் ஓட்டிச் சென்றவர்களுள் கூகனும் ஒருவர். 1944 இறுதியில் இவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

தொலைக்காட்சியில்

போருக்குப் பின்னர் திரையுலகில் கூகனுக்கு இடம் எளிதில் கிடைக்கவில்லை. தலைமுடி உதிர்ந்து, உடல் பருத்திருந்த இவரிடம் த கிட் சிறுவனின் சாயல் இருக்கவில்லை. கிடைத்த சிறு வேடங்களை ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் வேகமாக வளர்ந்துவந்த தொலைக்காட்சி இவருக்கு வாழ்வளித்தது.

கௌபாய் ஜி-மென் (1952–1953) என்னும் தொடரில், மாட்டிடையர் வேடத்தில் உலவும் அரசு முகவர் இருவருள் ஒருவராக நடித்தார். 1956 இல் பிளேஹவுஸ் 90 என்னும் நாடகத் தொடரின் முதல் நிகழ்ச்சியில் பங்கேற்றார். இராணுவப் பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்ட மெக்கீவர் அண்ட் த கர்னல் (1962–1963) என்னும் நகைச்சுவைத் தொடரில் சார்சண்ட் பார்ன்சாகத் தோன்றினார். பெரி மேசன் உள்ளிட்ட பல தொடர்களில் சிறப்புத் தோற்றங்களிலும் நடித்தார்.

1964 இல் ஏபிசி தொலைக்காட்சி, சார்லஸ் ஆடம்சின் கேலிச் சித்திரங்களை அடிப்படையாகக் கொண்டு த ஆடம்ஸ் ஃபேமிலி தொடரை உருவாக்கியது. விந்தையான, அச்சமூட்டும் தோற்றமும் அன்பான உள்ளமும் கொண்ட குடும்பம் ஒன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் இது. அதில் அங்கிள் ஃபெஸ்டர் வேடத்துக்குக் கூகன் முதலில் ஏற்கப்படவில்லை என்றும், தலையை முழுவதுமாக மழித்து, தாமே ஒப்பனை செய்துகொண்டு மீண்டும் சென்றபோதே தேர்வானார் என்றும் கூறப்படுகிறது. நீண்ட கருப்பு அங்கி, குழிந்த கண்கள், கீச்சுக் குரல், வாயில் வைத்தவுடன் எரியும் மின்விளக்கு ஆகியவற்றால் அங்கிள் ஃபெஸ்டர் குழந்தைகளின் விருப்பத்துக்குரியவரானார். 64 பகுதிகள் கொண்ட இத்தொடர் 1966 வரை ஒளிபரப்பானது. பின்னர் நெடுங்காலம் மறுஒளிபரப்பாகிப் பல தலைமுறைகளைச் சென்றடைந்தது. 1973 இல் வெளியான இதன் அசைபட வடிவத்தில் ஃபெஸ்டருக்குக் கூகனே குரல் கொடுத்தார். 1977 இல் பழைய நடிகர்கள் ஒன்றுகூடிய சிறப்பு நிகழ்ச்சியிலும் நடித்தார்.

இத்தொடரைக் கண்டு மகிழ்ந்த சிறுவர்களில் பெரும்பாலோர், இம்மொட்டைத்தலை மனிதரே தங்கள் தாத்தா பாட்டிகளைக் கண்ணீர் விடவைத்த சிறுவன் என்பதை அறிந்திருக்கவில்லை.

சாப்ளினுடன் மறுசந்திப்பு

அரசியல் காரணங்களால் 1952 இல் அமெரிக்காவை விட்டு நீங்கிய சாப்ளின், சிறப்பு ஆஸ்கார் விருதைப் பெறுவதற்காக 1972 ஏப்ரலில் இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார். லாஸ் ஏஞ்சலஸ் வானூர்தி நிலையத்தில் அவரை வரவேற்றவர்களுள் கூகனும் இருந்தார். முதுமையால் தளர்ந்திருந்த சாப்ளின் இவரை அடையாளம் கண்டு தழுவிக்கொண்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் திரையில் தந்தையும் மகனுமாக நடித்த இருவரின் இச்சந்திப்பு பலரையும் நெகிழச் செய்தது.

தனி வாழ்க்கையும் மறைவும்

கூகன் நான்கு முறை மணம் புரிந்தார். 1952 இல் நடந்த நான்காவது திருமணம் இவருடைய இறுதி வரை நிலைத்தது. இவருக்கு நான்கு பிள்ளைகள். பேரன் கீத் கூகனும் குழந்தை நடிகராகத் தொடங்கித் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் நடித்தவர். தாத்தாவின் வழக்கால் பிறந்த சட்டத்தின் கீழ் நடித்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

இறுதி ஆண்டுகளில் இதய நோயாலும் சிறுநீரக நோயாலும் துன்புற்ற கூகன், 1984 மார்ச் 1 அன்று கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 69. கல்வர் சிட்டியில் உள்ள ஹோலி கிராஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஹாலிவுட் புகழ் நடைபாதையில் வைன் தெருவில் இவர் பெயர் பொறித்த நட்சத்திரம் உள்ளது.

மதிப்பீடு

திரைக்கலையில் குழந்தைகள் வெறும் அழகுப் பொருள்களாக இல்லாமல், கதையைத் தாங்கும் நடிகர்களாக இருக்க முடியும் என்பதை நிறுவியவர் கூகன். இவருக்குக் கிடைத்த வெற்றியே ஹாலிவுட் நிறுவனங்களைக் குழந்தை நடிகர்களைத் தேடி அலையச் செய்தது. அதே வெற்றியின் மறுபக்கமாக, உழைக்கும் குழந்தையின் பணம் யாருக்கு உரியது என்ற கேள்வியையும் இவருடைய வாழ்க்கையே எழுப்பியது. கலிபோர்னியாவில் ஒரு குழந்தை நடிக்கத் தொடங்கும் முன் பெற்றோர் வங்கிக்குச் சென்று திறக்க வேண்டிய கணக்கு, இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நடித்தவற்றுள் சில

திரைப்படங்கள்
எ டேய்ஸ் பிளஷர் (1919)
த கிட் (1921)
பெக்ஸ் பேட் பாய் (1921)
ஆலிவர் டுவிஸ்ட் (1922)
சர்க்கஸ் டேய்ஸ் (1923)
லாங் லிவ் த கிங் (1923)
எ பாய் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் (1924)
த ராக் மேன் (1925)
ஓல்ட் குளோத்ஸ் (1925)
டாம் சாயர் (1930)
ஹக்கிள்பெரி ஃபின் (1931)
காலேஜ் ஸ்விங் (1938)
த ஜோக்கர் இஸ் வைல்ட் (1957)

தொலைக்காட்சித் தொடர்கள்
கௌபாய் ஜி-மென் (1952–1953)
மெக்கீவர் அண்ட் த கர்னல் (1962–1963)
த ஆடம்ஸ் ஃபேமிலி (1964–1966)